‘ரீட்ஒன்லி’ பதிவு: எழுதுதடை எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

ரூபி மொழியில் வலைச்செயலிகள் எழுத உதவும் சட்டகமான ரெயில்ஸ் பற்றித் தமிழில் எழுதும்போது ‘ரீட்ஒன்லி’யில்தான் பேனா நிற்கிறது. தரவுத்தளப் பதிவைப் படிக்கலாம், எழுத முடியாது என்ற நிலை அது. ‘படிக்க மட்டும்’ என்பது பெயர்ப்பலகைக்குச் சரி. ஆனால் வேற்றுமை ஏற்காது, வினையும் ஆகாது. ‘படிக்கமட்டுமாக்கு’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்து நானே அழித்துவிட்டேன்.

இதற்கு இங்கே முன்பு பரிந்துரையாக வந்த ‘மாறாப் பதிவு’ காதுக்கு இனிமை. ஆனால் அது பதிவின் இயல்பைச் சொல்கிறது. நமக்கு வேண்டியதோ நிபந்தனையைப் பொறுத்து வந்து போகும் நிலை. எடுத்துக்காட்டாக, வரைவாக இருக்கும் பில்லைத் திருத்தலாம், ஏற்பு ஆனபின் கூடாது. தவிர, ரெயில்ஸில் தரவுத்தளத்தோடு பேசும் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்டு போடும் இந்தத் தடை செயலிக்குள்தான். பல பதிவுகளை ஒரே கட்டளையில் மாற்றும் ‘அப்டேட்_ஆல்’ நேரே தரவுத்தளத்துக்குப் போய் அதே பில்லை மாற்றிவிடும். மாறுகிற ஒன்றை மாறா என்பானேன்? ‘பூட்டு’ வேண்டாம்; இருவர் ஒரே நேரத்தில் திருத்தும் சிக்கலுக்கு அது போய்விட்டது. ‘உறைதல்’, ரூபியில் ஒரு பொருளை மாற்ற முடியாதபடி செய்யும் ‘ஃப்ரீஸ்’ஸுக்கு வேண்டும்.

‘திருத்தத்தடை’தான் என் முதல் தேர்வாக இருந்தது. அப்புறம் யோசித்தால், பதிவு இந்த நிலையில் உள்ளதா என்று கேட்கும் ‘ரீட்ஒன்லி?’ செயற்கூறு ஆம் என்று சொன்னால் திருத்துவது மட்டுமா நிற்கிறது? ‘டெஸ்ட்ராய்’ செய்தாலும் (பதிவை அழித்தாலும்) பிழை எழும், புதிய பதிவைச் சேமித்தாலும் எழும். ஆகவே ‘எழுதுதடை’ என்கிறேன். எழுதும் தடையா என்று இலக்கணம் கேட்பவர்களுக்கு: சுடுகாட்டில் காடா சுடுகிறது?

புழங்கிப் பார்த்தேன், ஓடுகிறது. எழுதுதடை இடு, எழுதுதடை நீக்கு, எழுதுதடைப் பிழை, நிபந்தனை எழுதுதடை. கேள்விக்குறியோடு முடியும் அந்தச் செயற்கூறுக்கு ‘எழுதுதடை உண்டா?’ என்பது அச்சாகப் பொருந்துகிறது. ஒரு பத்தியும் எழுதினேன்:

“ஏற்பு ஆன பில்லுக்கு எழுதுதடை வேண்டுமானால், மாடலில் (பில்லுக்கான வகுப்பில்) ‘ரீட்ஒன்லி?’யை மேலெழுதி நிபந்தனையைத் தரவும். நிலையின் இப்போதைய மதிப்பைப் பார்க்க வேண்டாம். ‘ஏற்பு’ என்று மாற்றிய நொடியிலேயே தடை விழுந்து, அந்த ஏற்பையே சேமிக்க முடியாமல் போகும். தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பைப் பார்க்கவும். அதற்கு ‘ஸ்டேட்டஸ்_இன்_டேட்டாபேஸ்’ உண்டு.”

இந்தக் குழியில் நான் ஒரு மாலை முழுக்கக் கிடந்தேன், அதனால்தான் பத்தி இவ்வளவு நீளம்.

‘எழுத்துத்தடை’ என்று ஒற்று போட்டு எழுதலாமே என்றால், அது எழுத்தாளருக்கு யாரோ விதித்த தடை போல ஒலிக்கிறது.

‘திருத்தத்தடை’யைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ‘அட்ர்_ரீட்ஒன்லி’ போட்ட புலத்தில் பதிவை உருவாக்கும்போது மதிப்பு தரலாம், பிறகு மாற்ற முடியாது. பில் எண் அப்படி. அதற்குத் ‘திருத்தத்தடைப் புலம்’ என்பதே சரியான பெயர். இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகக் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா? மறுப்பு இருந்தால் ஒரு மாதிரி வாக்கியத்தோடு எழுதுங்கள்.