புதுப்பிப்பு: ரெஃப்ரெஷ் செய்தால் ஆர்டர் இரண்டாகப் பதிவாவது (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சித்தப்பாவின் பத்தமடைப் பாய்க் கடைக்கு நான் எழுதும் பக்கத்தில், ஆர்டர் போட்டபின் ரெஃப்ரெஷ் செய்தால் அதே ஆர்டர் மறுபடி பதிவாகிறது என்று கேட்டிருந்தேன். ஒருமுறை தட்டியதும் ஆர்டர் பட்டனை முடக்கிவிடும் யோசனை இதற்கு உதவவில்லை. ரெஃப்ரெஷ் செய்கையில் அந்தப் பட்டனைத் தொடுவதே இல்லையே, பிரவுசர் கடைசி போஸ்ட் கோரிக்கையை (ஃபார்மில் நிரப்பியதை சர்வருக்கு அனுப்புவது) அப்படியே திரும்ப அனுப்புகிறது. இங்கே பதில் சொன்ன பாளையங்கோட்டை அண்ணாச்சியின் வழிதான் வேலை செய்தது: ஆர்டரைச் சேமித்ததும் 303 பதிலோடு ('வேறு பக்கத்துக்குப் போ' என்று சர்வர் பிரவுசருக்குச் சொல்லும் எண்) நன்றிப் பக்கத்தின் முகவரியை அந்தப் பதிலின் லொகேஷன் ஹெடரில் கொடுத்துவிட வேண்டும், பிரவுசர் அங்கே கெட் முறையில் (எதையும் பதியாமல் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்குவது) போய்விடும், அப்புறம் எத்தனை ரெஃப்ரெஷ் அடித்தாலும் அந்தப் பக்கம்தான் வரும். 307 வேண்டாம், அதுவும் வேறு பக்கத்துக்கு அனுப்பும் எண்தான், ஆனால் அதில் போஸ்ட் தொடரும்.

எதிர்பாராதது ஒன்று. சிக்னல் மந்தமாக இருக்கையில் சித்தி பட்டனை இரண்டு தட்டு தட்டினால் இன்னமும் இரண்டு ஆர்டர் விழுந்தது. ஃபார்மில் ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கனை (ஒரு அடையாளக் குறியீடு) மறைத்துவைத்து, டேட்டாபேஸில் அதை யூனிக் ஆக்கியதும் (ஒரே டோக்கன் இரண்டாம் முறை பதிவாகாது) அதுவும் சரி.