உகந்தையால காட்டுப்பாதை: சாமி கும்பிட மட்டுமா, காட்டையும் பாக்கலாமா?

கல்லடிப் பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும். இந்த முறை அம்மாவோட உகந்தை முருகன் கோயிலடியில இருந்து காட்டுக்குள்ளால கதிர்காமத்துக்கு நடந்து போவம் எண்டு இருக்கன். அம்மா சின்னதில அம்மம்மாவோட போனவவாம், மறுகா யுத்தப் பிரச்சினை காலத்தில எல்லாம் நிண்டு போச்சு. எனக்கு பறவை பாக்கிற விசர் கொஞ்சம் இருக்கு, கூமுனை (குமண) வில்லு எண்டுற பறவைக் குளத்துப் பக்கம் ஒதுங்கி ஆறுதலா நிண்டு போட்டோ எடுக்க விடுவாங்களா, இல்லாட்டி கூட்டத்தோட கூட்டமா போய்க்கொண்டே இருக்கணுமா? அம்மாக்கு 60 தாண்டிட்டு, ஆனா நல்லா நடப்பா.

திருக்கோவிலான்:
தம்பி, ஒதுங்கிற கதையை முதல்ல விடுங்க. அது தேசிய பூங்கா, மற்ற நாளையில வாகனத்தால காலை கீழ வைக்கவே விடமாட்டாங்க, திருவிழாக் காலத்தில மட்டும்தான் சாமிமாருக்கு கேட்டைத் திறந்து நடக்க விடுறது, அதுவும் அந்தப் பாதையில மட்டும். கமராவைத் தூக்கிக்கொண்டு பத்தைக்குள்ள போனா கரடிதான் போஸ் குடுக்கும். பகிடி இல்ல, நாம நடக்கிற ஆனி ஆடியிலதான் பாலைப்பழம் பழுத்து விழுற காலம், கரடி அதுக்குத்தான் வாறது. பழத்தை நாமளும் பொறுக்கித் திண்ணுறதுதான், ஆனா விடியப்புறத்திலயும் மைமலிலயும் தனிய பொறுக்கப் போகாதீங்க.
உகந்தையில அவசரப்படாதீங்க. கீழ முருகன், மலையில வள்ளியம்மன், மேல பாறையில மழைத்தண்ணி நிக்கிற சுனைகள். முருகன் கல்லோடத்தில வந்து இறங்கின இடம் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவாங்க. யாழ்ப்பாணத்தில செல்வச்சந்நிதியில வெளிக்கிட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு எண்டு கரையோரமா நடந்து வாற ஆக்களும் காட்டுக்குள்ள இறங்க முதல் இங்கதான் தங்குறது. அவங்களோட ஒரு இரவு கதைச்சுப் பாருங்க, வேலும் கையுமா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை.

பொத்துவில் நானா:
வில்லு பாக்க ஆசையெண்டா யாத்திரைக்கு முந்தி தனியா ஒருக்கா ஜீப்பில வாங்க தம்பி, ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாம. வைகாசியும் நல்ல நேரம், சித்திரைக்குப் பிறகு ஆடி வரைக்கும் கூடு கட்டுற காலம். வில்லு 200 ஹெக்டேர் அளவு, கும்புக்கன் ஓயாத் தண்ணி ஒரு ஒடுங்கின வாய்க்காலால உள்ள வரும், அந்தத் தண்ணியில நிக்கிற கண்டல் மரங்கள்லதான் கூழைக்கடா, மஞ்சமூக்கு நாரை, கொக்கு எல்லாம் கூடு வைக்கிறது. கறுத்தக் கழுத்து நாரை கண்டா உங்கட அதிஷ்டம், நாட்டிலயே கொஞ்சம்தான் மிச்சம். 1938இலயே பறவைகள் சரணாலயமா அறிவிச்ச இடம், மறுகா யால கிழக்கு எண்டு பேர், 2006இலதான் குமண எண்டு மாத்தினது. 85இல இருந்து 2003 வரைக்கும் பூட்டிக் கிடந்த காடு, உங்கட அம்மா சொல்லுற காலம் அதுதான்.
பாணமையால வாற வழியில குடும்பிகல மலையையும் விடாதீங்க, பழைய பிக்குமார் இருந்த குகைகள், உச்சியில உருளை மாதிரி ஒரு தாதுகோபம். வெயிலுக்கு முந்தி ஏறணும்.

மண்டூர்ப் பிள்ளை:
அம்மாவைப் பத்தி ஒருத்தரும் சொல்லல்லையே! கும்புக்கன் ஆத்தங்கரையில மருதமர நிழல் இருக்கு, அங்க நல்லா ஆறுங்க. அதைத் தாண்டினா அம்பாறை மாவட்டம் முடிஞ்சு யாலப் பக்கம், அதுக்கங்கால வெட்டையும் மணலும், நாவலடி வியாழைப் பக்கமெல்லாம் தண்ணிக்கு பெரும்பாடு. நாலஞ்சு நாள் நடை எண்டு வச்சுக்கொள்ளுங்க, செருப்பில்லாம நடக்கிற நேர்த்தி இருந்தாலும் பையில ஒரு சோடி வைங்க, மணல் கொதிக்கும்.
மற்றது, எனக்கு எரிச்சல் வாற விசயம் ஒண்டு. அன்னதானம் எண்டு சொல்லி சொப்பின் பேக்கிலயும் ரெஜிபோம் பெட்டியிலயும் கட்டிக் குடுத்து காடு முழுக்க குப்பை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில பிளாஸ்டிக் திண்டு யானை செத்த கதை தெரியும்தானே, எட்டு வருசத்தில 20 யானை எண்டு 2022இல நியூஸில வந்தது. வேடுவப் பெண்ணுக்கு யானையக் காட்டித்தான் முருகன் கலியாணம் முடிச்சவர், அவர்ட காட்டில அவர்ட அண்ணனுக்கு சொப்பின் பேக் திங்கக் குடுக்கிறதா? கோப்பை, போத்தல் கையோட கொண்டு போங்ககா, வாங்கிச் சாப்பிட்டிட்டு கழுவி வையுங்க.

கல்லடிப் பொடியன்:
எல்லாருக்கும் நன்றி. நானா, வைகாசி விடுமுறையில ஜீப்புக்கு வாறன், எத்தின மணிக்கு உள்ள போனா நல்லம்? திருக்கோவில் அண்ணன், இந்த முறை கேட் எண்டைக்குத் திறக்கிற எண்டு அறிவிச்சா இதுக்குள்ளயே ஒருக்கா போடுங்க, அம்மா இப்பவே கேட்டுக் கரைச்சல்.

பொத்துவில் நானா:
விடிய ஆறு மணிக்கு கேட்டடியில நில்லுங்க. பத்துக்குப் பிறகு வெயில்தான் பாப்பீங்க.