சிறைக் காவலருக்கு மூன்று நாள் பயிற்சி போதுமாம்!

பூட்டுக்காரர்:
நேற்று இந்த இணைய மன்றத்தில் சிறைக் காவலர் தேர்வு பற்றிய பேச்சில் கோவைக் குசும்பன் ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். "ஜெயிலில் என்ன வேலை, காலையில் திறந்துவிட வேண்டும், சாயங்காலம் தலையை எண்ணிப் பூட்ட வேண்டும், இதற்கு மாதக்கணக்கில் பயிற்சியா, மூன்று நாள் போதும்" என்று. முப்பத்தோரு வருடம் அந்தச் சாவிக்கொத்தைச் சுமந்தவன் நான். மூன்று நாளில் எண்ணப் பழகிய மகராசன் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், மாலை போடுகிறேன்.

கோவைக் குசும்பன்:
வணக்கம் அண்ணே. சொன்னது நான்தான், ஓடி ஒளியவில்லை. என் பெரியப்பா பையனே வார்டன்தான். பயிற்சியில் பாதி நாள் பரேடு, மீதி நாள் புல் பிடுங்கினோம் என்று அவன் வாயாலேயே சொன்னான். கைதி முன்னால் லெஃப்ட் ரைட் போட்டு என்ன ஆகப்போகிறது?

பூட்டுக்காரர்:
முதலில் சிறைக் காவலர் வார்டன் இல்லை, வார்டர். வார்டன் ஹாஸ்டலில் இருப்பார், ரசத்தில் உப்பு பார்ப்பார். பெயரே தெரியாதவர் நாள் கணக்கு சொல்ல வந்துவிட்டார். எண்ணுவதைச் சொல்கிறேன், கேளும். சாயங்காலம் லாக்கப், அதாவது அறையைப் பூட்டும் நேரம். எங்கள் பிளாக்கின் போர்டில் சாக்பீஸில் 84 என்று இருக்கிறது, எண்ணினால் 81. ஒருவன் கோர்ட்டுக்குப் போயிருக்கிறான், வழிக்காவல் வண்டி திரும்பவில்லை. ஒருவன் ஆஸ்பத்திரியில். ஒருவன் ஜாமீனில் நாலரைக்கே கேட்டைத் தாண்டிவிட்டான், பிளாக் நோட்டில் பெயரை அடிக்கவில்லை. இந்த மூன்று பேரையும் தாளில் தேடிப் பிடிக்கிற வரைக்கும் மொத்தச் சிறையும் அப்படியே நிற்கும், ஜெயிலர் முகத்தைப் பார்க்க முடியாது. இதுதான் உம்முடைய 'தலையை எண்ணுவது'.

கோவைக் குசும்பன்:
கூட்டல் கழித்தல்தானே அண்ணே. மூன்றாம் வகுப்பு, மூன்று நாள்.

கறுப்புக் கோட்டு:
குசும்பன், நாள் எத்தனை என்பதை விடுங்கள். 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 75ஆவது விதியைப் படியுங்கள். வேலையில் சேருமுன் பயிற்சி, அதன் முடிவில் எழுத்து, செய்முறை இரண்டிலும் தேர்ச்சி பெற்றவர் மட்டுமே உள்ளே போகலாம். 76ஆவதில் கைதியின் உரிமை, பலப்பிரயோகத்தின் எல்லை, முதலுதவி, மனநலக் கோளாறைக் கண்டுபிடிப்பது எல்லாம் பாடமாக இருக்கிறது. நார்வேயில் இதற்கு 2 வருடப் படிப்பு, அதுவும் சம்பளத்தோடு.

கோவைக் குசும்பன்:
வந்துவிட்டது நார்வே. அந்த நாடு முழுக்கச் சேர்த்தாலே சுமார் 3,000 கைதிகள்தான் சார். அங்கே காவலர் கைதியோடு உட்கார்ந்து காபி குடிப்பார். இங்கே ஒரு வார்டர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று உங்கள் கட்சிக்காரரையே கேளுங்கள். இங்கிலாந்தில் சுமார் பத்து வாரத்தில் முடித்து அனுப்புகிறார்கள், அது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை?

பூட்டுக்காரர்:
பத்து வாரம் என்றால் எழுபது நாள். மூன்று இல்லை. கணக்கு இடிக்கிறதே குசும்பா?

தேர்வு எழுதும் தம்பி:
அண்ணா, போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு ஒன்றுதானே, விருப்ப வரிசையில் சிறையை முதலில் போடலாமா?

கறுப்புக் கோட்டு:
இங்கே இன்னொன்றும் இருக்கிறது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாடுகளை ரத்து செய்தது. யார் சமைப்பது, யார் கூட்டுவது என்பதெல்லாம் சாதி பார்த்தே எழுதியிருந்த மாநிலங்கள் உண்டு. பாளையங்கோட்டையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. பழைய விதியைப் படித்து வளர்ந்தவரே புதியவருக்குச் சொல்லித்தருகிறார் என்றால் எத்தனை நாள் பயிற்சி கொடுத்து என்ன?

நெல்லைச் சீமை:
எதைப் பேசினாலும் கடைசியில் எங்கள் ஊர்தானா? மற்ற மத்திய சிறைகள் எல்லாம் சத்திரமா? போன மாதம் அல்வாவைப் பற்றி எழுதியபோதும் நீங்கள்தான் வம்பு இழுத்தீர்கள் வக்கீல் சார், நான் மறக்கவில்லை.

கறுப்புக் கோட்டு:
அல்வாவுக்கும் தீர்ப்புக்கும் என்ன சம்பந்தம் ஐயா!

பூட்டுக்காரர்:
வக்கீல் சார் 'பழையவர்' என்று என்னைத்தான் குத்துகிறார், புரிகிறது. இருக்கட்டும். ஒரு ராத்திரியைச் சொல்கிறேன், எந்தச் சிறை என்று கேட்காதீர்கள். புதிதாக ரிமாண்டில் வந்த பையன், இருபது வயது இருக்கும். சாப்பாட்டைத் தொடவில்லை. தன்னிடம் இருந்த சோப்பு, பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றையும் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிட்டு, துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தான். நான் எண்ணிப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன், கணக்கு சரி. எங்கள் தலைமைக் காவலர் மட்டும் "சோப்பைக் கொடுத்தவன் நாளைக்குக் குளிக்க மாட்டான்டா" என்று சொல்லிவிட்டு விடியும்வரை அந்தக் கம்பி முன்னாலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் பெண் கல்யாணக் கதையை எல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். இது மூன்று நாளில் வருமா?

கோவைக் குசும்பன்:
அண்ணே, மனதைத் தொட்டுவிட்டீர்கள், ஆனால் மாட்டிக்கொண்டீர்கள். அவர் அதைப் பயிற்சியில் கற்றாரா, அனுபவத்திலா? மாதக்கணக்கில் பயிற்சி முடித்த நீங்கள் பூட்டிவிட்டு வந்துவிட்டீர்களே! நான் சொன்னதும் அதுதான், மூன்று நாள் பயிற்சி, மீதி அனுபவம்.

பூட்டுக்காரர்:
அனுபவம் வருகிற வரைக்கும் அந்தப் பையன் காத்திருப்பானா? எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதால்தானே சொல்லித்தர வேண்டும் என்கிறேன்! வேலூரில் 1979லேயே ஆப்கா என்று சிறைத்துறைக்கென்றே அகாடமி ஆரம்பித்தார்கள், அண்டை மாநில அதிகாரிகளும் வந்து படிக்கிற இடம். அதை எல்லாம் இழுத்துப் பூட்டிவிட்டு உம்முடைய பெரியப்பா பையனோடு புல் பிடுங்கச் சொல்கிறீரா?

கறுப்புக் கோட்டு:
2020 ஜூனில் சாத்தான்குளம் தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். சிபிஐ குற்றம் சாட்டியது போலீசாரை. ஆனால் காயத்தோடு ஒருவர் கேட்டில் வந்து நின்றால் உள்ளே எடுக்கலாமா, முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா, ரிஜிஸ்டரில் என்ன எழுத வேண்டும் என்பது கேட்டில் நிற்கிற காவலருக்கு அந்த நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

நெல்லைச் சீமை:
மறுபடியும் தெற்குப் பக்கமே வருகிறார் பாருங்கள்.

தேர்வு எழுதும் தம்பி:
யாராவது என் கேள்விக்கு...

பூட்டுக்காரர்:
தம்பி, நீ சிறையை முதலில் போடு, ஆனால் இந்தக் குசும்பன் பேச்சைக் கேட்டு மூன்று நாளில் முடிந்துவிடும் என்று பெட்டியைக் கட்டாமல் போகாதே.

கோவைக் குசும்பன்:
சரி அண்ணே, உங்கள் வயதுக்கு மரியாதை. நாலு நாள்.

பூட்டுக்காரர்:
நாலும் இல்லை, நாற்பதும் இல்லை. நேற்று எழுதியதை அழித்துவிட்டு வாரும், அப்புறம் பேசலாம்.

கோவைக் குசும்பன்:
அழிக்க மாட்டேன். வார்டன் என்று எழுதியதையும் அழிக்க மாட்டேன்.