சுருள்வில் கணக்கு: எனக்கு 0.25 ஜூல், விடைப் பக்கத்தில் 0.75. எங்கே இடிக்கிறது?

கேட்டவர்:
பதினொன்றாம் வகுப்புக் கணக்கு. 10 நியூட்டன் விசைக்கு ஒரு சுருள்வில் 5 செ.மீ. நீள்கிறது. 5 செ.மீ. நீண்டிருக்கும் அதை 10 செ.மீ. வரை இழுக்க எவ்வளவு வேலை? வில்லின் மாறிலி (ஒரு மீட்டர் நீட்சிக்கு எத்தனை நியூட்டன் விசை என்பது) 10 ÷ 0.05 = 200. கூடுதல் நீட்சி 5 செ.மீ.தானே என்று, வேலை = ½ × மாறிலி × நீட்சி² சூத்திரத்தில் ½ × 200 × 0.05² போட்டேன், 0.25 வந்தது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது. அச்சுப்பிழையா?

பதில்:
அச்சுப்பிழை இல்லை தம்பி. நீங்கள் போட்டது முதல் 5 செ.மீ.க்கான வேலை. வண்டியின் சைடு ஸ்டாண்டுக்கு ஸ்பிரிங் மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் விரலுக்கே வந்துவிடும். கொக்கி துளைக்குள் விழ இன்னும் கொஞ்சம்தான் என்கிற இடத்தில் ஸ்குரூடிரைவரைத் தேட வைத்துவிடும். இங்கேயும் அதே கதைதான். இரண்டாவது 5 செ.மீ.யில் விசை 10இல் தொடங்கி 20 வரை ஏறுகிறது. சராசரி 15, 15 × 0.05 = 0.75.

சூத்திரத்தில் போடுவதானால் ½ × 200 × (0.10² − 0.05²). முதலில் வர்க்கம், அப்புறம் கழித்தல். கழித்துவிட்டு வர்க்கம் எடுத்ததுதான் உங்கள் தவறு. நான் படித்த காலத்தில் செ.மீ.யை மீட்டராக்காமலே வர்க்கம் எடுத்தவன், அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கேட்டவர்:
புரிந்தது அண்ணா. இன்னொன்று. இதே வில்லில் 1 கிலோ எடையைத் தொங்கவிட்டால் (ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தேன்) 5 செ.மீ. இறங்கி நிற்கும். புவியீர்ப்பு செய்த வேலை 10 × 0.05 = 0.5. வில்லில் இருப்பதோ 0.25. பாதி எங்கே போனது?

வேறொருவர் பதில்:
உங்கள் கைக்குத்தான். எடையைத் தாங்கியபடி மெதுவாக இறக்கினீர்கள் அல்லவா? கை மேல்நோக்கித் தள்ள, எடை கீழே போகிறது. கை செய்தது −0.25 ஜூல் வேலை.

ஒருமுறை சட்டென்று கையை எடுத்துப் பாருங்கள். 5 செ.மீ.யில் நிற்காது; அந்த 0.25 அங்கே இயக்க ஆற்றலாக இருக்கும். 10 செ.மீ. வரை போய்த்தான் திரும்பும். அங்கே புவியீர்ப்பின் வேலை 10 × 0.10 = 1 ஜூல், வில்லில் ½ × 200 × 0.10² = 1 ஜூல். கீழே காலை மட்டும் வைக்காதீர்கள்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். பின்னால் அளவுகோலை நிறுத்தி மொபைலில் வீடியோ எடுத்தேன். முதல் இறக்கம் 9.5 செ.மீ. தாண்டியது. அப்புறம் ஆடி ஆடி 5இல் வந்து நின்றது.