மூன்றாவது மாடியில் உரத்தொட்டி: நாற்றம், புழு, எங்கே தப்பு?

மூன்றாம்மாடி:
எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் வாடகை வீடு, நாலு பேர் இருக்கிறோம். கொடுங்கையூர் குப்பைமேட்டை ஒருநாள் கிட்டத்தில் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் ஒரு வாரம் எங்கள் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் காய்கறித் தோலும் டீத்தூளும் மீந்த சோறும்தான். சரி, இதை உரமாக்கினாலே பாதிக் குப்பை குறையுமே என்று பழைய பெயிண்ட் வாளியில் போட்டு மூடி வைத்தேன். பத்தே நாளில் அழுகிய முட்டை நாற்றம், தடித் தடியாகப் புழு. வீட்டுக்காரம்மா எடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு விட மனசில்லை. என்ன தப்பு செய்தேன்? பால் கவர், பாத்திரம் தேய்க்கிற ஸ்பான்ஜ் இதற்கெல்லாம் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மாடித்தோட்டம்:
விடாதீர்கள், இது எல்லோருக்கும் முதல் தடவை நடப்பதுதான். மூடி வைத்த வாளிக்குள் காற்றே இல்லை, காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள்தான் அந்த முட்டை நாற்றத்தைக் கிளப்புகின்றன. பக்கவாட்டில் சுற்றிலும், அடியிலும் துளை போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். அப்புறம் முக்கியமான விஷயம் காய்ந்த சரக்கு. ஒரு கை காய்கறித் தோல் போட்டால் அதன் மேல் இரண்டு கை சருகோ தேங்காய் நார்த்தூளோ கிழித்த செய்தித்தாளோ போட்டு மூட வேண்டும், தோல் வெளியே தெரியவே கூடாது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. தொடங்கும்போது புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் சீக்கிரம் மக்கும். வாரம் இரண்டு தடவை கிளறிவிடுங்கள், இரண்டு மாதத்தில் மண்வாசனை வந்துவிடும்.

அந்தப் புழு பெரும்பாலும் கருப்புச் சிப்பாய் ஈயின் (black soldier fly) புழுவாக இருக்கும், கடிக்காது, கழிவைத் தின்று வேலையைத்தான் குறைக்கும். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் துளைகளை வலைத்துணியால் மூடிவிடுங்கள். மீன், கறி, எண்ணெய் மிதக்கும் குழம்பு மட்டும் வேண்டாம்.

மாசி, பங்குனியில் வேப்பமரம் இலை கொட்டும்போது இரண்டு சாக்கு சருகு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் அதைக் கூட்டிக் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஐப்பசி மழையில் எல்லாம் நசநசவென்று ஆகும்போது அந்தச் சாக்குதான் காப்பாற்றும்.

தூக்குவாளி:
பால் கவரைக் கத்தரிக்கும்போது முனையைத் துண்டாக வெட்டி எடுக்காமல் ஒட்டியபடியே விடுங்கள், அந்தச் சின்னத் துண்டுதான் யார் கையிலும் சிக்காமல் சாக்கடைக்குப் போகிறது. கவரை அலசிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஸ்பான்ஜுக்குப் பதில் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நார், தேய்ந்ததும் உங்கள் வாளியிலேயே போடலாம்.

எங்கள் வீட்டில் மாவு, கறி, ஓட்டல் சாம்பார் எல்லாவற்றுக்கும் தூக்குதான். கேரி பேக் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது, ஆனாலும் கடைக்காரர் கவரை எடுத்து நீட்டத்தான் செய்கிறார். அவர் கை கவருக்குப் போகும் முன்னே நம் பையை நீட்டிவிட வேண்டும். வண்டிப் பெட்டியில் ஒன்று, கைப்பையில் ஒன்று மடித்து வையுங்கள்.

பழையவேட்டி:
ஒன்றே ஒன்று சொல்கிறேன். இதற்கென்று புதிதாக மூங்கில் பிரஷ், கண்ணாடி ஜாடி என்று வாங்கிக் குவிக்காதீர்கள், வீட்டில் இருப்பதே போதும். எங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பகலில் பழைய பருத்தி வேட்டித் துணிதான், வெளியூர் போனால் மட்டும் டயப்பர். துவைக்கிற வேலை கூடுதல்தான், ஆனால் டயப்பர் மக்காது, மறுசுழற்சிக்கும் போகாது.

மூன்றாம்மாடி:
ரொம்ப நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. இன்றே துளை போட்டுவிட்டேன், நார்த்தூளும் வாங்கியாயிற்று. எலுமிச்சைத் தோல் போடலாமா?

மாடித்தோட்டம்:
ஒன்றிரண்டு போடலாம், பொடியாக நறுக்கிப் போடுங்கள். நிறைய இருந்தால் பித்தளை விளக்குத் தேய்க்க எடுத்து வையுங்கள்.