மறு: கரேசன்சுய் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். தண்ணீர் இல்லாமல் கல்லாலும் சரளையாலும் அமைக்கும் ஜப்பானியத் தோட்டம்தான் கரேசன்சுய். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'ஜென் தோட்டம்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் ஆங்கில நூல்கள் பரப்பிய பெயர் அது. 'கரேசன்சுய்' 11ஆம் நூற்றாண்டுத் தோட்டக்கலை நூலான சாகுதெய்கியிலேயே வந்துவிடுகிறது: குளமும் ஓடையும் இல்லாத இடத்தில் கல் நடுவது. ஜப்பானில் ஜென் மடங்கள் வேரூன்றியது அதற்கும் பிறகு. கல்லை வணங்குவதோ இன்னும் பழைய வழக்கம். ஜப்பானின் பழைய சமயமான ஷின்தோவில் காமி, அதாவது தெய்வம், வந்து இறங்கும் பாறை இவாகுரா. அதற்கு வைக்கோல் புரி கட்டுவார்கள். கோயில் முற்றத்தில் வெண்கல் பரப்பித் தூய இடமாக்குவதும் உண்டு. ஜென் துறவிகள் தியானத்தில் அமரும் இடத்துக்கு எதிரே கொண்டுவந்து வைத்தது இப்படி ஏற்கெனவே புனிதமாக இருந்த கல்லைத்தான். பெயரில் ஒரு சமயத்தை மட்டும் ஒட்டுவானேன்?

> 'பாலைத் தோட்டம்' எப்படி?

பாலை என்றதும் நமக்கு வெயிலும் பிரிவும் வந்துவிடும். கியோத்தோவில் தைசென்-இன் என்ற ஜென் கோயிலின் தோட்டத்தைப் பாருங்கள். நிமிர்த்தி நட்ட கற்கள்தான் அருவி. அதன் அடியிலிருந்து வெண்சரளை ஆறாக ஓடி, கல்பாலத்துக்குக் கீழே நுழைந்து போகிறது. நடுவே படகு வடிவில் ஒரு கல். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆனால் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்.

சரி, என் பரிந்துரை. சன்சுய் என்றால் மலையும் நீரும், அதாவது இயற்கைக் காட்சி. அதை 'மலைபுனல்' என்று வைத்தால், செஷ்ஷு போன்ற ஜப்பானிய ஓவியர்கள் மையால் தீட்டிய சன்சுய்கா 'மலைபுனல் ஓவியம்' ஆகும். 'கரே' என்றால் உலர்ந்த, ஆகவே கரேசன்சுய் 'உலர்புனல் தோட்டம்' ஆகும். ஓவியத்தில் தாளை வெறுமையாக விட்டு நீரைக் காட்டுவதும் தோட்டத்தில் சரளையால் காட்டுவதும் ஒரே கலையின் இரு கிளைகள். சொற்களும் ஒரு வேரிலிருந்து வரட்டும்.

> மலைபுனல் என்றால் மலையாறு என்று படிப்பார்களே?

அது 'மலைப்புனல்'. இது உம்மைத்தொகை, வல்லினம் மிகாது. மெய்ப்புத் திருத்துபவர் ஒரு 'ப்' சேர்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்!

அப்புறம் சாமொன், அதாவது வாரியால் சரளையில் இழுக்கும் கோடுகள். 'மணல்வரி' என்று பட்டியலில் சேர்த்திருக்கிறேன். சரளைக்கு மணல் என்பதா என்று கேட்பவர்கள் வேறு சொல் தாருங்கள்.