14 வயதில் கூடைப்பந்தாட்டம் தொடங்கினால் பிந்திவிட்டதா?

பரந்தன் அம்மா:
வணக்கம். மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஒரு வருடத்துக்குள் மளமளவென்று வளர்ந்து இப்போது 5 அடி 11 நிற்கிறான். இவ்வளவு நாளும் அயல் பெடியளோடு கரப்பந்துதான். போன விடுமுறைக்கு யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனவன் அங்கே கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே பேச்சு. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் வலைப்பந்துக் கம்பம் மட்டும்தான் இருக்கிறது, பின்னேரத்தில் தனிய நின்று அதிலே எறிகிறான். சொந்தக்காரர், "வெளிநாட்டில் 5, 6 வயதிலேயே தொடங்கிவிடுவார்கள், இனி என்ன" என்கிறார்கள். உண்மையாகவே பிந்திவிட்டதா? சாதாரண தரப் பரீட்சையும் வருகிறது, அந்த யோசனை வேறு.

குளக்கட்டு:
அக்கா, பிந்தவில்லை. அமெரிக்காவில் ஆடிப் பேர்பெற்ற கூடைப்பந்தாட்டக்காரர் டிம் டங்கன் தொடங்கியதும் உங்கள் மகனைப் போல ஒன்பதாம் வகுப்பில்தான்.

அவர் 1976இல் கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் குரோய் என்ற சின்னத் தீவில் பிறந்தவர். முதலில் நீச்சல்காரர், அவருடைய அக்கா 1988 ஒலிம்பிக்கில் நீந்தியவர், இவரும் அங்கே போகத்தான் கனவு கண்டார். 1989இல் ஹியூகோ சூறாவளி வந்து தீவில் இருந்த ஒரே பெரிய நீச்சல் தடாகத்தை உடைத்துப் போட்டது. கடலில் பயிற்சி செய்யச் சொன்னார்கள், சுறாவுக்குப் பயந்து அவருக்கு அது முடியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலில் கால் நனைக்கவே மறுத்த பிள்ளைகளை முல்லைத்தீவில் பார்த்தவன் நான், அந்தப் பயம் எனக்கு விளங்கும். அடுத்த வருடமே, 14 வயது நிரம்ப ஒரு நாள் இருக்கும்போது, அம்மாவைப் புற்றுநோய் கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு நீச்சலை விட்டுவிட்டு அத்தானிடம் பந்து பழகியவர்தான் 19 பருவம் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடி, 1999, 2003, 2005, 2007, 2014 என்று 5 தடவை என்.பி.ஏ. (அமெரிக்காவின் பெரிய தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடர்) கிண்ணம் வென்றார். 2003 இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் 21 புள்ளி, 20 ரீபவுண்ட் (எறிந்து தவறிய பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி போடப் பந்து கொடுப்பது), 8 பிளாக் (எதிராளியின் எறிதலைத் தடுப்பது)!

பரீட்சைக்கும் பதில் அவரிடமே இருக்கிறது. பட்டம் முடிப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முன்னமே போயிருந்தால் கோடிக் கணக்கில் பணம். ஆனாலும் பல்கலைக்கழகத்தில் 4 வருடமும் இருந்து உளவியல் படித்து முடித்துவிட்டுத்தான் 1997இல் என்.பி.ஏ.க்குப் போனார். இதை மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ.

கரையோரம்:
குளக்கட்டு அண்ணை சொன்னதெல்லாம் சரி. ஆனால் இதைக் காட்டிப் பிள்ளைக்கு அமெரிக்கா ஆசை ஊட்ட வேண்டாம். டங்கன் 6 அடி 11, அதோடு வீட்டுக்குள்ளேயே கல்லூரி மட்டத்தில் ஆடிய ஒருவர் சொல்லிக் கொடுத்தார். எங்களுக்கு வன்னியில் முதல் தட்டுப்பாடே சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததுதான். நான் மாகாண மட்டம் வரை ஆடியவன், பழகியது முழுக்க வெளியூரில்.

தங்கச்சி, வலைப்பந்துக் கம்பத்தை லேசாக நினைக்க வேண்டாம். இரண்டு விளையாட்டுக்கும் வளையம் ஒரே உயரம்தான், 10 அடி. வலைப்பந்து வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றர், கூடைப்பந்துக்கு 45. சின்னதிலே போட்டுப் பழகினால் கை திருந்தும். இல்லாதது பின்பலகை, அதாவது வளையத்துக்குப் பின்னால் நிற்கும் பலகை. டங்கனின் பேர்போன எறிதலே பலகையில் பட்டு விழுவதுதான்: பக்கவாட்டில் 45 பாகையில் நின்று, பலகையில் கீறியிருக்கும் சதுரத்தின் மேல் மூலையில் பந்தை மெதுவாகப் படவிடுவார், அது தானாகச் சரிந்து உள்ளே விழும். அதிகம் துள்ளத் தேவையில்லை, அதனால்தான் 40 வயதிலும் அவரால் ஆட முடிந்தது. அப்புறம் 2016இல் பிரியாவிடைச் சுற்று, கூட்டம் எதுவும் வைக்காமல் பேசாமல் ஓய்வு பெற்றார், எனக்கு அவரிடம் ஆகப் பிடித்தது அதுதான்.

பரந்தன் அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடக் கம்பத்தில் பலகை அடிக்க விடமாட்டார்கள், வீட்டு முற்றத்தில் தனியாக ஒன்று நடலாம் என்கிறார் இவர். சதுரம் என்ன அளவு?

கரையோரம்:
அகலம் 59 சென்ரிமீற்றர், உயரம் 45. அடிக்கோடு வளையத்தின் மட்டத்துக்கு வர வேண்டும். தூணை 3 அடியாவது தாட்டுக் கொங்கிறீட் போடுங்கோ, மாரியில் மண் இளகினால் சரிந்துவிடும். தூண் நட்டதும் சொல்லுங்கோ, ஞாயிறு பின்னேரம் பந்தோடு வாறேன்.